எப்போதும் விழுகிற சீட்டு

போன மாதம் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு என்னை அழைத்து, மாலை போட்டு, தேநீரும் கறிபாப்பும் கொடுத்து உட்கார வைத்தீர்கள். நன்றி. ஓய்வு பெற்ற கிழவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கறிபாப் நன்றாக இருந்தது. மாலைதான் கொஞ்சம் கனம்.

அன்றைக்கு உங்களில் ஒரு பெண் என்னைத் தன் கணினி முன்னால் உட்கார வைத்து வேலையைக் காட்டினாள். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கொடுத்தால், அதைப் போலவே மடிந்திருக்கும் மற்றப் புரதங்களையெல்லாம் கணினி தேடிப் பிடித்து வரிசையாகக் காட்டுகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒன்று முடிந்து இன்னொன்று, அது முடிந்து வேறொன்று என்று மூன்று தேடல்கள் காட்டினாள். மூன்றிலும் மேலே ஒரே வரி வந்து நின்றது. இது என்னம்மா என்று கேட்டேன். "அது எப்பவும் வரும் சார். கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, விரலால் அந்த வரியை மறைத்துக்கொண்டு கீழே இருப்பதைப் படித்தாள்.

நான் கழிப்பறை எங்கே என்று கேட்டு வெளியே போனது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குக் கழிப்பறை தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் தனியாக நிற்க வேண்டியிருந்தது. அதே வார்த்தையை அதே அலட்சியத்தோடு சொன்ன ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான். பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்களே, அதை எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் எனக்கு இருபத்து மூன்று வயது. தோட்டத்திலிருந்து படித்து வந்த பையன், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறை, மலாக்காவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் லேப் உதவியாளர் வேலை. அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். லேப் என்றால் இரண்டு அறைகள், ஒரு நுண்ணோக்கி, இரைச்சல் போடும் ஒரு குளிர்ப்பெட்டி. இன்றைக்குப் போல ரத்தத்தைச் சேர்த்து அடுக்கி வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. ரத்தம் தேவைப்பட்டால் உயிரோடு இருக்கிற ஓர் ஆளைக் கூப்பிட்டு வரவழைத்து எடுக்க வேண்டும். அப்படிக் கூப்பிடக்கூடியவர்களின் பெயர்கள் ஒரு மரப்பெட்டியில் சீட்டுகளாக இருந்தன. நானூறுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு.

அந்தச் சீட்டுதான் எங்கள் கணினி. சிரிக்காதீர்கள், வேலை செய்தது. ஒவ்வொரு சீட்டின் மேல் ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒரு துளை ஏ வகைக்கு, ஒன்று பி வகைக்கு, ஒன்று ஓ வகைக்கு, இப்படியே போய்க் கடைசித் துளை நெகட்டிவுக்கு. ஓர் ஆள் ஓ வகை என்றால் அவர் சீட்டில் ஓ துளைக்கு மேலே உள்ள காகிதத்தை வெட்டித் திறந்துவிடுவோம். பிறகு ஓ வகை ஆட்கள் வேண்டும் என்றால், சீட்டுகளை ஒன்றாகப் பிடித்து, ஓ துளை வழியாகக் கம்பளி பின்னும் ஊசியைச் செருகித் தூக்க வேண்டும். துளைக்கு மேல் வெட்டாமல் மூடியிருக்கும் சீட்டுகள் ஊசியில் தொங்கும். வெட்டித் திறந்தவை மேசையில் விழும். விழுந்தவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். நானூறு பேரில் பொருத்தமானவர்களைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

வெட்டுவதற்கு ஒரு கருவி வேண்டுமே, அதைக் கொடுத்தவர் நடேசன். பஸ் கண்டக்டர். டிக்கெட் வெட்டித் தேய்ந்துபோன பழைய இடுக்கி ஒன்றை ஒருநாள் என் மேசையில் வைத்து, "இது உங்க பெட்டிக்கு" என்றார். காஜா பெராங்கில் இருக்கும் மலாக்காச் செட்டிக் குடும்பம். பரம்பரை பரம்பரையாக மலாக்காவிலேயே இருப்பவர்கள். கும்பிடுவது நம் சாமிகளை, வீட்டில் பேசுவது மலாய். நடேசன் மட்டும் பஸ்ஸில் எல்லோரோடும் பேசிப் பேசித் தமிழை ஒருமாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை லெச்சுமியின் இரண்டாவது பிரசவத்தில் அவர் ரத்தம் கொடுத்தார். இருவருமே ஓ நெகட்டிவ். நம் ஊரில் அது அரிது. நெகட்டிவ் என்று தெரிந்ததும் அவருக்கு அவ்வளவு பெருமை, ஏதோ பதக்கம் வாங்கியது போல. அதிலிருந்து தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். டிக்கெட் கேட்கிற மாதிரியே ரத்தமும் கேட்பார் போலிருக்கிறது. நிறையச் சீட்டுகளின் பின்பக்கத்தில் "அழைத்து வந்தவர்: நடேசன்" என்று நானே எழுதியிருக்கிறேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

மெர்டேக்காவுக்கு இரண்டு மாதம் கழித்து மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

இறந்தவர் சீட்டைக் கிழித்துப் போடுவதுதான் எங்கள் வழக்கம். எனக்குக் கை வரவில்லை. அவர் கொடுத்த இடுக்கி பக்கத்திலேயே இருக்கிறது, அவர் பெயரைக் கிழித்துக் குப்பையில் போடுவதா? அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். துளைகள் இருக்கும் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் முழுதாக வெட்டி எடுத்தேன். சிவப்பு மையால் "காலமானார்" என்று எழுதினேன். பார்த்தாலே வேறு மாதிரி தெரியும், யாரும் தவறாகக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்துப் பெட்டியில் அவர் இருந்த இடத்திலேயே திரும்பவும் வைத்தேன்.

இதைப் படிக்கும்போதே உங்களில் கெட்டிக்காரர்கள் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அன்று தோன்றவில்லை.

அடுத்த வாரம் குடல் புண்ணோடு ஒருவர் வந்தார், அவருக்கு பி வகை வேண்டும். ஊசியைச் செருகித் தூக்கினேன். விழுந்தவற்றில் மேலே கிடந்தது நடேசன் சீட்டு. ஓ வகைக்காரர் பி துளைக்கு எப்படி விழுவார்? கை தவறியிருக்கும் என்று உள்ளே வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஏ வகை. மறுபடியும் நடேசன். லேப்பில் நான் தனியாக இருந்தேன். நல்ல பகல், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறது. ஆனாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன். சீட்டுகளை மறுபடி சேர்த்து, எந்த வகைக்கும் உரியதல்லாத ஒரு துளையில் ஊசியை விட்டேன். வெறுமனே, பார்ப்போமே என்று. அமைதியாக அவர் ஒருவர் மட்டும் விழுந்தார்.

அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. ஓரத்தையே வெட்டி எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஊசிக்கு எதுவும் இல்லை. யாரைக் கூப்பிட்டாலும் அவர் வருவார். எந்தக் கேள்விக்கும் ஆமாம் என்பார். எனக்கு ஒரே சிரிப்பு. என் முட்டாள்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதே அந்தச் சீட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. சோம்பல் பாதி, பாசம் பாதி. ஒவ்வொரு முறையும் அவர் விழும்போது "வாங்க கண்டக்டரே" என்று சொல்லி, ஓரம் வெட்டிய சீட்டைத் தனியே கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவற்றைப் படிப்பேன். எங்கள் வார்டு சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, செத்த மனுசன்ர சீட்டு ஏன் வெளியில கிடக்குது?" என்று கேட்டார். "அது எப்பவும் விழும் சிஸ்டர், கண்டுக்காதீங்க" என்றேன். கொஞ்ச நாளில் அதைப் பார்க்காமலே எடுத்துத் தள்ளிவைக்கக் கை பழகிவிட்டது. ஓரம் வெட்டியிருக்கிறது என்று விரல் உணர்ந்தால் போதும், கண் அங்கே போகாது.

இப்படியே பொங்கல் வந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் காஜா பெராங்கில் செட்டி வீடுகளில் பர்ச்சு படைப்பார்கள். அந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்கான படையல் அது. இலை போட்டு, அவரவருக்கு உயிரோடு இருந்தபோது பிடித்ததையெல்லாம் வைத்து, அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று உயிரோடு இருப்பவர்கள் காத்திருப்பார்கள். லெச்சுமிக்கு அது மூன்றாவது பிள்ளை, நிறைமாதம். அண்ணன் போன பிறகு வரும் முதல் பர்ச்சு. சும்மா இரு என்றால் கேட்பாளா? அவருக்குப் பிடித்த பலகாரத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வலி எடுத்து, ஒரு மணி வாக்கில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். இரண்டரைக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

சிஸ்டர் லேப்புக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"லெச்சுமிக்கு ஓ நெகட்டிவ் வேணும், உடன வேணும். முந்தின பிள்ளைகளால அவவின்ர ரத்தத்தில எதிர்ப்பு ஊறியிருக்குது. பாசிட்டிவ் ஏத்தினா ரத்தமே அவவைக் கொன்றுபோடும். டாக்டர் பிளாஸ்மா ஏத்திறார், ஒரு மணித்தியாலம் தாங்கினாப் பெரிய விசயம். ஆள் இருக்கோ இல்லையோ?"

நீங்கள் இன்று எங்கள் நெகட்டிவ், பாசிட்டிவைப் புரதமாகவே பார்க்கிறீர்கள். சிவப்பணுவின் தோலில் அது எப்படி மடிந்து கிடக்கிறது என்று திரையில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறீர்கள். எங்களுக்கு அப்போது அது ஒரு துளை. வெட்டியிருந்தால் நெகட்டிவ், மூடியிருந்தால் பாசிட்டிவ். அவ்வளவுதான் தெரியும்.

நெகட்டிவ் துளையில் ஊசியை விட்டுத் தூக்கினேன். நான்கு விழுந்தன. இரண்டு ஏ வகை, ஒன்று பி. நான்காவதைத் தொட்டேன், ஓரம் வெட்டியிருந்தது. வழக்கம்போல எடுத்துக் கவிழ்த்துத் தள்ளிவைத்தேன்.

"இல்லை சிஸ்டர். ஒரே ஒருத்தர் இருந்தார். அவளோட அண்ணன்."

சிஸ்டர் வார்டுக்குத் திரும்பிப் போனார். கோலாலம்பூரிலிருந்து ரத்தம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வீட்டு ஆட்கள் யாருக்கும் அந்த வகை இல்லை என்று போன பிரசவத்திலேயே சோதித்திருந்தோம். நான் மறுபடி ஒருமுறை ஊசியைச் செருகவில்லை. எதற்கு? நான்கு பேரையும் பார்த்தாயிற்றே. கை கட்டி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும், சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம்.

அப்போது லெச்சுமியின் தாயார் லேப் வாசலுக்கு வந்தார். அடுப்படியிலிருந்து அப்படியே வந்தவர், கையெல்லாம் மஞ்சள். முகத்தில் அழுகை இல்லை, அதுதான் எனக்கு பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார்:

"லெச்சுமி பிலாங், அபாங் டா டத்தாங்."

அண்ணன் வந்துவிட்டான் என்று லெச்சுமி சொல்கிறாள். ரத்தம் போனால் நினைவு தடுமாறும், இல்லாததெல்லாம் தெரியும். எனக்குத் தெரியும். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று சொன்னார்:

"டியா பாவா காவான். கெனாப்பா தா காசி மாசோக்?"

அவன் ஒரு கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறீர்கள்?

வாசலில் அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, நீளமாகத் தாழ்வாரம்தான் இருந்தது. நான் எதற்காகத் திரும்பி மேசையைப் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கண்களைப் பார்க்க முடியாமல் இருக்கலாம். கவிழ்த்து வைத்த நடேசன் சீட்டை எடுத்தேன். இரண்டு மாதத்தில் முதல் முறையாக அதைப் பார்த்து எடுத்தேன். தடிப்பாக இருந்தது. நகத்தால் நெருடியதும் இரண்டாகப் பிரிந்தது.

அடியில் இருந்த சீட்டில் என் கையெழுத்து. ஆரோக்கியசாமி. பத்து பெரெண்டாம் விமானத் திடல், தீயணைப்புப் பிரிவு. ஓ நெகட்டிவ்.

டெலிபோனில் நான் கத்திய கத்தலுக்குத் திடல் அலுவலகத்துக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார் ஆரோக்கியசாமி. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"என்னா சார், யாருக்கு?"

"கண்டக்டர் நடேசன் தங்கச்சிக்கு."

"நம்ப கண்டக்டரு தங்கச்சியா? அப்ப எடுங்க சார், எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க" என்று சட்டைக் கையை மடித்தார்.

அவர் விவரத்தை எழுதுவதற்காகச் சீட்டை எடுத்தேன். அப்போதுதான் மேல் ஓரம் கண்ணில் பட்டது. ஓ துளை வெட்டியிருக்கிறது. கடைசித் துளை, நெகட்டிவ் துளை, மூடியே இருக்கிறது.

மை நெகட்டிவ் என்கிறது, துளை பாசிட்டிவ் என்கிறது. இரண்டும் என் கைதான். எதை நம்புவது? டாக்டர் வாசலில் நின்று, ஏன் இன்னும் ஊசி போடவில்லை என்று ஆங்கிலத்தில் கத்துகிறார். சிஸ்டர், "எழுத்தில நெகட்டிவ் எண்டுதானே கிடக்குது? எடும் தம்பி" என்கிறார். ஏற்கெனவே பன்னிரண்டு நிமிடத்தைத் தின்றவன் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு நிமிடமும் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் மை தவறாக இருந்து அந்த ரத்தத்தை ஏற்றினால், அவளைக் கொன்றது நானாக இருப்பேன்.

"ரத்தம் எடுக்கத் தொடங்குங்கள் டாக்டர். நான் சோதித்துச் சொல்லும்வரை ஏற்ற விடமாட்டேன். பாட்டில் நிறைவதற்குள் சொல்கிறேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போனார்.

சூடான கண்ணாடித் தட்டில் ஆரோக்கியசாமியின் ரத்தம் ஒரு சொட்டு, சோதிக்கிற சீரம் ஒரு சொட்டு. இரண்டு நிமிடம் தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். பாசிட்டிவ் என்றால் ரத்தம் திரிந்து குறுணை குறுணையாகக் கட்டும். லெச்சுமியின் தாயார் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த இரண்டு நிமிடமும் என் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து தட்டைப் பார்ப்பது போலவே இருந்தது. சிஸ்டர் என்றுதான் நினைத்தேன். ரத்தம் கட்டவில்லை, வழவழவென்று ஓடியது. "நெகட்டிவ்தான் சிஸ்டர்" என்று திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. சிஸ்டர் அடுத்த அறையில் ஆரோக்கியசாமியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவருடைய அணுக்களையும் லெச்சுமியின் சீரத்தையும் கலந்து பார்த்தேன், பொருந்தியது. பாட்டிலை நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் தண்ணீர் கேட்டாள். தாயார் அப்போதுதான் உட்கார்ந்தார். பர்ச்சு படைக்க நேரமாகிவிட்டது என்று யாரையோ வீட்டுக்கு அனுப்பினார்.

எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். டாக்டர்கூட, சோதித்தது நல்லதுதான் என்றார். பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஊரே பொங்கல் கொண்டாட, நான் லேப்பில் உட்கார்ந்து ஒன்றைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஆரோக்கியசாமியின் நெகட்டிவ் துளை மூடியிருந்தது. அப்படியானால் அவர் சீட்டு ஊசியில் தொங்கியிருக்க வேண்டும், மேசைக்கு வந்திருக்கவே கூடாது. துளை கிழியவும் இல்லை. ஈரத்தில் நடேசன் சீட்டோடு ஒட்டி, கொஞ்சம் இறங்கி நின்று, ஊசி அதன் தலைக்கு மேலே போயிருக்கலாம். நடக்கக்கூடியதுதான். இரண்டு சீட்டுகளையும் சேர்த்து அழுத்தி, ஈரத் துணியில் வைத்து, இறக்கி வைத்து, எப்படியெல்லாமோ செய்து ஊசியில் தூக்கிப் பார்த்தேன். நடேசன் ஒவ்வொரு முறையும் விழுந்தார். ஆரோக்கியசாமி ஒவ்வொரு முறையும் தொங்கினார். சீட்டுகளில் பசையும் இல்லை, கறையும் இல்லை. மாலைவரை செய்தேன். ஒருமுறைகூட இருவரும் சேர்ந்து விழவில்லை.

எனக்குக் கணினியைக் காட்டிய தங்கச்சி, உன் திரையில் எப்போதும் மேலே வந்து நிற்கிற அந்த வரி ஏன் வருகிறது என்று உனக்குக் காரணம் தெரிந்திருக்கலாம். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது என்பதால்தான் பார்ப்பதை நிறுத்தினேன். நாளைக்கே அதைச் சரிசெய்துவிடு. சரிசெய்யும் முன் ஒரே ஒருமுறை திறந்து முழுதாகப் படித்துப் பார். விரலால் மறைக்காதே. எனக்குச் சொல்லத் தெரிந்த பாடம் அவ்வளவுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து லெச்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லேப்புக்கு வந்தாள். கூடவே ஒரு தூக்குச்சட்டியில் பலகாரம். அதை வாங்க என்னால் முடியவில்லை. வேறு யாரும் இல்லாததால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓரத்தை வெட்டியது, பார்க்காமல் தள்ளிவைத்தது, பன்னிரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது, எல்லாம். அவள் கோபித்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

அவள் சீட்டுகளைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஊசியில் மாட்டித் தூக்கியும் காட்டினேன். அண்ணன் விழுந்தார், கூட்டாளி தொங்கினார். கடைசித் துளையை விரலால் தொட்டு, இது ஏன் வெட்டாமல் இருக்கிறது என்று கேட்டாள்.

அதையும் சொன்னேன். ஆரோக்கியசாமி சீட்டின் பின்பக்கத்தில் "அழைத்து வந்தவர்: நடேசன்" என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே அந்த நாள் நினைவுக்கு வந்திருந்தது. நடேசன்தான் அவரைப் பஸ்ஸிலிருந்து நேராகக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுசா ஒரு நெகட்டிவ் பிடிச்சுட்டேன் என்று ஒரே குதூகலம். நான் ஒவ்வொரு துளையாக வெட்டிக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து ஏதோ வேடிக்கை சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் இடுக்கியைக் கீழே வைத்தேன். மூன்று பேரும் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்து கடைசித் துளையை வெட்ட மறந்துவிட்டேன்.

லெச்சுமி பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அன்று என்ன பார்த்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு, உங்களுக்கு இதுகூடவா தெரியாது என்பது போல, சாதாரணமாக, மலாயில் சொன்னாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதனால்தான் மறுபடியும் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது."

நான் இடுக்கியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அண்ணனுடையது என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, கூட்டாளியின் சீட்டில் கடைசித் துளையை அவளே வெட்டினாள். அண்ணன் சீட்டை கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.